“பொறுத்துப் போ” என்று சொல்லுமுன்



தலைவலி என்று ஒரு சகோதரி மருத்துவமனைக்கு வருகிறார். வயது முப்பதுக்குள் இருக்கும். கணவரும் மாமியாரும் கூடவே வந்திருக்கிறார்கள். டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் கணவரே பதில் சொல்லுகிறார். “ராத்திரி தூக்கம் எப்படிம்மா?” என்று கேட்டால், “அதெல்லாம் நல்லாத் தூங்குவா டாக்டர்” என்கிறார். இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. இரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் ஒரு குறையும் இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். அடுத்த மாதம் அதே சகோதரி வயிற்றுவலி என்று வருகிறார். அதற்கடுத்த மாதம் நெஞ்சு படபடப்பு.

வெளிநோயாளர் பிரிவில் வேலை செய்கிற யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. ஒரு நாள், ஊசி போடுகிற அறையில் அவர் தனியாக இருக்கும்போது நர்ஸ் மெதுவாகக் கேட்கிறார்: “வீட்ல எல்லாரும் உங்ககிட்ட நல்லா நடந்துக்கிறாங்களாம்மா?” அந்தச் சகோதரி உடனே பதில் சொல்லவில்லை. கண்ணீர்தான் வருகிறது. பிறகு சொல்லுகிறார்: “அடிக்கல்லாம் மாட்டாங்க சிஸ்டர். ஆனா...”

அந்த “ஆனா” என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பதைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம். இது வெகு தூரத்தில் யாருக்கோ நடப்பது அல்ல. 2019-21-இல் நடந்த 5-ஆவது தேசியக் குடும்பநல ஆய்வில், 18 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் இந்திய அளவில் 29.3 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினார்கள். தமிழ்நாட்டில் இது 38.1 விழுக்காடு. இந்தக் கணக்கில் அடி, உதை, பாலியல் வன்முறை ஆகியவை மட்டுமே அடங்கும். சொல்லாலும் மௌனத்தாலும் பணத்தாலும் செய்யப்படும் கொடுமை இதில் சேரவில்லை.

அதே ஆய்வு கூறும் மற்றொரு செய்தி இன்னும் வேதனையானது. உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. 77 விழுக்காட்டினர் உதவியும் தேடவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. அப்படியானால், யாராவது ஒருவர் நம்மிடம் வந்து வாய் திறக்கிறார் என்றால், அது எத்தனை அரிய காரியம்! அந்த வேளையில் நாம் சொல்லும் முதல் வார்த்தையைப் பொறுத்து அவர் மேலும் பேசலாம், அல்லது ஒரேயடியாக வாயை மூடிக்கொள்ளலாம்.

சண்டைக்கும் கொடுமைக்கும் வித்தியாசம் என்ன?

“எந்த வீட்டில்தான் சண்டை இல்லை?” என்று அநேகர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கணவன் மனைவி சண்டை போடுவதும், மாமியார் மருமகள் முகம் சுளிப்பதும், அண்ணன் தம்பி சில நாள் பேசாமல் இருப்பதும் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. கோபத்தில் தகாத வார்த்தை வந்துவிடுவதும் உண்டு. இவையெல்லாம் கொடுமை என்று நாம் சொல்லவில்லை.

சாதாரணச் சண்டையில் இருவருக்கும் பேச உரிமை இருக்கிறது. ஒருவர் குரலை உயர்த்தினால் மற்றவரும் பதில் சொல்லுவார். சண்டை முடிந்தபின் யாராவது ஒருவர் இறங்கி வருவார். அடுத்த முறை இருவருமே கொஞ்சம் கவனமாக நடந்துகொள்வார்கள். கொடுமையில் அப்படியில்லை. அங்கே எப்போதும் ஒருவரே பேசுகிறார், மற்றவர் எப்போதும் பயப்படுகிறார். குழம்பில் உப்பு கூடிவிட்டதா, பிள்ளைக்கு மார்க் குறைந்துவிட்டதா, போனை எடுக்கத் தாமதமாயிற்றா, எதற்கு எப்போது வெடிக்கும் என்று தெரியாது. மாலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் வீட்டிலுள்ளவர்களின் பேச்சு நின்றுவிடுகிறது. பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுகிறார்கள்.

ஆகவே, ஒரு நாள் நடந்ததை மட்டும் வைத்து இதைக் கணிக்க முடியாது. பல மாதங்களாக, பல வருடங்களாக ஒருவர் மற்றவரைச் சிறிது சிறிதாகச் சுருக்கிக்கொண்டே வருகிறாரா என்று பார்க்க வேண்டும்.

எத்தனை விதமாக நடக்கிறது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள துலூத் நகரத்தில், 1984-இல், கணவரிடம் துன்பப்பட்ட பெண்கள் பலர் கூடித் தங்கள் அனுபவங்களைச் சொன்னார்கள். அவற்றைத் தொகுத்து ஒரு சக்கரத்தின் படம் வரைந்தார்கள். சக்கரத்தின் நடுவில் “அதிகாரமும் கட்டுப்பாடும்” என்று எழுதப்பட்டது. அதைச் சுற்றி எட்டு ஆரங்கள். வெளி வளையமாக அடியும் பாலியல் வன்முறையும். அடி எப்போதாவதுதான் விழும், ஆனால் அந்த ஆரங்கள் தினமும் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதே அந்தப் படம் சொல்லும் பாடம். நம் வீடுகளில் அவை எப்படிக் காணப்படுகின்றன என்று பார்ப்போம்.

1. அவமானப்படுத்துதல். “உனக்கு என்ன தெரியும்?”, “உங்க அப்பன் வீட்டில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களா?” என்று விருந்தினர் முன்பாகவும் பிள்ளைகள் முன்பாகவும் சொல்லுவது. கேட்டால், “சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்” என்பார்கள்.

2. தனிமைப்படுத்துதல். தாய் வீட்டுக்குப் போக அனுமதி இல்லை. தோழிகளுடன் பேசக்கூடாது. போனில் யார் யார் பேசினார்கள் என்று தினமும் சோதனை. கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணுக்குச் சொல்லி அழவும் ஆள் இல்லாமல் போகிறது.

3. பணத்தைக் கையில் வைத்திருத்தல். சம்பாதிக்கிற மருமகளின் ஏடிஎம் கார்டு மாமியாரிடமோ கணவரிடமோ இருக்கும். பஸ்ஸுக்கும் மாத்திரைக்கும் கூடக் கையேந்திக் கணக்குச் சொல்ல வேண்டும்.

4. நடந்ததை மறுத்தல். “நான் அப்படிச் சொல்லவே இல்லை. உனக்குத்தான் மனநிலை சரியில்லை” என்று திரும்பத் திரும்பச் சொல்லி, அவருக்குத் தம் நினைவின் மேலேயே சந்தேகம் வரச் செய்வது. இன்றைய வாலிபர்கள் இதைக் “கேஸ்லைட்டிங்” என்கிறார்கள். இச்சொல் 1938-இல் பாட்ரிக் ஹாமில்டன் எழுதிய ஓர் ஆங்கில நாடகத்தின் பெயரிலிருந்து வந்தது. அதில் ஒரு கணவன், தன் மனைவிக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று அவளையே நம்ப வைக்கிறான்.

5. பயமுறுத்துதல். “பிள்ளையைப் பிரித்துவிடுவேன்”, “நீ போனால் நான் செத்துவிடுவேன்” என்று மிரட்டுவது. பாத்திரத்தை வீசுவது, கதவை உதைப்பது.

6. மௌனத்தால் தண்டித்தல். கோபம் தணியும்வரை சற்று ஒதுங்கியிருப்பது வேறு. வாரக்கணக்கில் முகம் பாராமல், தட்டைத் தள்ளி வைத்து, மற்றவர் காலில் விழும்வரை பேசாமலிருப்பது வேறு.

இவற்றைக் கணவர்கள் மட்டும்தான் செய்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். வயதான தாயாரிடம் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, அவரைத் திண்ணையில் ஒதுக்கி வைக்கும் மகனும் மருமகளும் உண்டு. வார்த்தையாலே கணவரைக் கூனிக் குறுக வைக்கும் மனைவியும் உண்டு. ஒரு பிள்ளையைத் தலையில் வைத்து மற்றப் பிள்ளையைத் தினமும் மட்டம் தட்டும் பெற்றோரும் உண்டு. ஆனாலும் உடலில் காயத்தோடும் உயிருக்கு ஆபத்தோடும் வருகிறவர்களில் பெண்களே அதிகம் என்பதை மறக்கக்கூடாது.

உடம்பு சொல்லும் சாட்சி

ஓயாத பயத்தில் வாழ்கிற உடம்பு ஓய்வெடுப்பதில்லை. ஆபத்தான நேரத்தில் ஓடவோ எதிர்க்கவோ உதவுவதற்காகச் சுரக்கிற சுரப்பிகள் இரவும் பகலும் வேலை செய்கின்றன. தூக்கம் கெடுகிறது. தலைவலி, முதுகுவலி, வயிற்றுக் கோளாறு, படபடப்பு எல்லாம் வருகின்றன. மனச்சோர்வு வருகிறது, சிலருக்குச் சாக வேண்டும் என்ற எண்ணமும் வருகிறது. “ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்” என்று நாம் சொல்லி அனுப்பும் நோயாளிக்கு உண்மையாகவே வலிக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள். 1998-இல் அமெரிக்காவில் பெலிட்டி, அண்டா என்னும் இரு மருத்துவர்களும் அவர்களுடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறு வயதில் அடி, அவமானம், தாய் அடிபடுவதைப் பார்த்தல் போன்ற அனுபவங்கள் எத்தனை கூடுதலாக இருந்தனவோ, அந்த அளவுக்குப் பெரியவர்களானபின் மனச்சோர்வும், குடிப்பழக்கமும், தற்கொலை முயற்சியும், இருதய நோயும் கூடுதலாக இருந்தன என்று அவர்கள் கண்டார்கள். “பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ” என்று சொல்லுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

“அப்படியானால் ஏன் அங்கேயே இருக்கிறாள்?”

கேட்பது சுலபம். போக இடம் இல்லை, கையில் பணம் இல்லை, பிள்ளைகளை விட்டுப்போக மனம் இல்லை. தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஊர் என்ன சொல்லும் என்று பெற்றோரே திருப்பி அனுப்புகிறார்கள். இவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. கொடுமை எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. லெனோர் வாக்கர் என்ற உளவியலாளர் 1979-இல் இதை ஒரு வட்டமாக விளக்கினார்: முதலில் இறுக்கம் ஏறும், பிறகு வெடிக்கும், அதன்பின் மன்னிப்பும் பாசமும் பரிசும் வரும். எல்லாக் குடும்பங்களிலும் இப்படியே நடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் அநேகருக்கு அந்த நல்ல நாட்களே நம்பிக்கையாகிவிடுகின்றன. “இனி மாறிவிடுவார்” என்று அடுத்த வெடிப்புவரை காத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். பிரிந்து போகிற நேரமே மிகவும் ஆபத்தான நேரம். அதிகாரம் கைவிட்டுப் போகிறது என்று கண்டவுடன் சிலர் எதையும் செய்யத் துணிகிறார்கள். ஆகவே “உடனே வீட்டை விட்டு வா” என்று அவசரப்படுத்துவதும் சரியான ஆலோசனை அல்ல. எப்போது, எப்படி, யாருடைய துணையுடன் என்று திட்டமிட்டே செய்ய வேண்டும்.

நாம் செய்யும் தவறுகள்

நல்ல மனதோடுதான் செய்கிறோம். ஆனாலும் தவறு தவறுதான்.

முதலாவது, “அவர் அப்படிப்பட்டவர் இல்லையே” என்பது. வீட்டுக்குள் கொடுமை செய்கிற அநேகர் வெளியே இனிமையானவர்கள். சபைக் கமிட்டியில் இருப்பார்கள், பாடகர் குழுவில் பாடுவார்கள், எல்லாருக்கும் உதவுவார்கள். நாம் பார்ப்பது வாசலுக்கு வெளியே உள்ள மனிதரை.

இரண்டாவது, இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து “என்னம்மா பிரச்சினை, சொல்லு” என்று கேட்பது. பயப்படுகிற பெண் அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல மாட்டார். சொல்லிவிட்டால் அன்று இரவு அதற்கான விலையைக் கொடுப்பார். முதலில் தனித்தனியாகவே கேட்க வேண்டும். அவர் சொன்னதை அவருடைய அனுமதியின்றிக் கணவரிடம் போய்க் கேட்கக்கூடாது.

மூன்றாவது, குடியின் மேல் பழி போடுவது. குடி கொடுமையைக் கூட்டும், அது உண்மை. ஆனால் அதே ஆள் குடித்துவிட்டு வழியில் போலீஸ்காரரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார், முதலாளியிடம் கைகட்டி நிற்கிறார். வீட்டுக்கு வந்தபின்தான் கை நீளுகிறது. குடியை நிறுத்தியபின்னும் கொடுமை நிற்காத வீடுகள் உண்டு. இரண்டுக்கும் தனித்தனியே சிகிச்சை வேண்டும்.

நான்காவது, வேதத்தைக் காட்டி வாயடைப்பது. மனைவியின் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசும்போது எபேசியர் 5-ஆம் அதிகாரத்தை எடுக்கிறோம். அந்த அதிகாரத்தில் கணவருக்குச் சொல்லப்பட்ட பகுதியே நீளமானது என்பதைச் சொல்ல மறந்துபோகிறோம். மன்னிப்பையும் அப்படியே. மன்னிப்பது ஒருவருடைய மனதில் நடக்கிற காரியம். மறுபடியும் அதே அறைக்குள், அதே கையின் கீழ் போய் இருப்பது வேறு காரியம். அதற்கு மற்றவர் மாறியிருக்க வேண்டும். அந்த மாற்றத்தை அவருடைய கண்ணீரை வைத்து முடிவு செய்யாமல், பல மாத நடத்தையைப் பார்த்துத்தான் அறிய முடியும்.

சட்டமும்கூட இதை உணர வெகுகாலம் எடுத்தது. 1869-ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டப்படி, ஒரு கிறிஸ்தவ மனைவி கணவரின் கொடுமையை மட்டும் காட்டி விவாகரத்துக் கேட்க முடியாது. விபசாரத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 132 வருடங்களுக்குப்பின், 2001-இல் வந்த திருத்தமே கொடுமையைத் தனிக் காரணமாக ஏற்றுக்கொண்டது. யாரையும் விவாகரத்துக்குத் தூண்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கொடுமை சிறிய காரியம் அல்ல என்பதற்காகச் சொல்லுகிறோம்.

என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனம் மருத்துவ ஊழியர்களுக்காக 2014-இல் வெளியிட்ட கையேட்டில் ஐந்து படிகள் கூறப்பட்டுள்ளன. அவற்றை நாமும் பின்பற்றலாம். குறுக்கிடாமல், குற்றம் சாட்டாமல் கேளுங்கள். அவருக்கு இப்போது என்ன தேவை என்று விசாரியுங்கள். “நீங்க சொல்றதை நான் நம்புறேன், இது உங்க தப்பு இல்லை” என்று சொல்லுங்கள். அவருடைய பாதுகாப்புக்கு வழி பாருங்கள். உதவி கிடைக்கும் இடங்களோடு அவரைச் சேர்த்துவிடுங்கள். முடிவை மட்டும் அவரே எடுக்கட்டும். வீட்டில் ஏற்கெனவே எல்லா முடிவையும் மற்றவர்கள் எடுக்கிறார்கள். நாமும் அப்படிச் செய்யக்கூடாது.

பாதுகாப்புக்கென்று சில எளிய காரியங்கள்: நம்பிக்கையான ஓர் அயலாரிடம் விஷயத்தைச் சொல்லி வைத்தல். ஆதார், ரேஷன் கார்டு, திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களையும் கொஞ்சம் பணத்தையும் வெளியே ஒருவரிடம் கொடுத்து வைத்தல். என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது என்று குறித்து வைத்தல். காயம் பட்டால் மருத்துவமனையில் உண்மையைச் சொல்லிப் பதிவு செய்தல். “மாடிப்படியில் விழுந்தேன்” என்று எழுதிய சீட்டு பிற்பாடு நீதிமன்றத்தில் உதவாது.

சட்டத்தின் உதவியும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல், பாலியல் வன்முறையோடு, வார்த்தையாலும் மனதளவிலும் பணத்தாலும் செய்யும் கொடுமையையும் அது வன்முறை என்றே கூறுகிறது. மனைவி மட்டுமல்ல, தாய், சகோதரி, மகள் ஆகியோரும் அதன் கீழ் முறையிடலாம். வீட்டில் தொடர்ந்து வாழும் உரிமை, செலவுக்குப் பணம், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தம்மிடம் வைத்திருத்தல் ஆகியவற்றுக்கு நடுவர் நீதிமன்றம் உத்தரவிடலாம். “வீடு என் அப்பா பேரில் இருக்கிறது, வெளியே போ” என்ற மிரட்டலுக்கும் பதில் உண்டு. மாமனார் பெயரிலுள்ள வீடும், மருமகள் குடும்பமாக வாழ்ந்த வீடாக இருந்தால், இச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டுவரை சிறையோ, 20,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

முறையிட விரும்புகிறவர்கள் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பற்றி விசாரிக்கலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைக் கொடுக்கும். முதியோருக்கு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. பார்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், அந்தப் பத்திரத்தைத் தீர்ப்பாயம் செல்லாததாக்க முடியும்.

இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, அவசர ஆபத்துக்கு 112.

கொடுமை செய்கிறவர் நாமாக இருந்தால்?

இதைப் படிக்கும்போது சிலருக்கு, “நானும் இப்படித்தான் நடக்கிறேனோ?” என்று மனதில் குத்தலாம். அந்தக் குத்தலைத் தள்ளிவிடாதீர்கள். “அவள் என்னைத் தூண்டினாள்” என்ற சொல்லை முதலாவது விட்டுவிடுங்கள். என்ன செய்தோம் என்பதைச் சாக்குப்போக்கில்லாமல் ஒருவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். கோபம் ஏறும்போது இடத்தைவிட்டு வெளியே போங்கள். குடி இருந்தால் சிகிச்சைக்குப் போங்கள், மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். வீட்டார் உடனே நம்பவில்லை என்றால் கோபப்படாதீர்கள். வருடக்கணக்காக உடைந்தது வாரத்தில் ஒட்டாது. மாறியவர்கள் உண்டு. ஆனால் தன்னிடம் தவறில்லை என்று சொல்லிக்கொண்டே மாறியவர்கள் இல்லை.

நண்பர்களே, நம்மிடம் அடுத்து வருகிற சகோதரி எல்லாவற்றையும் சொல்ல மாட்டார். தலைவலி என்பார், தூக்கமில்லை என்பார், “வீட்டில் கொஞ்சம் பிரச்சினை” என்று முடித்துவிடுவார். “பொறுத்துப் போம்மா” என்பது நம் வாயில் தயாராக இருக்கும். அதைச் சொல்லுமுன், அவரைத் தனியே அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “வீட்டுக்குப் போகப் பயமா இருக்காம்மா?”

பதில் வரும்வரை பேசாமல் காத்திருங்கள்.